நல்லவிதமாகக் கேட்டால்

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஹேமாவதி கல்லூரி அலுவலகத்தின் கவுன்ட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் இது நான்காவது தடவை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிர்வாக அலுவலர், ஏ.ஓ. ஜானகிராமன், மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு பச்சை இரும்பு பீரோ. ஹேமாவதியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து முனைவர் பட்டம் வரைக்கும் அசல் சான்றிதழ்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. கவுன்ட்டர் மட்டும் குறுக்கே இல்லாவிட்டால் நாலு எட்டில் போய்த் தொட்டுவிடலாம்.

“வியாழக்கிழமை பத்து மணிக்கு வெரிஃபிகேஷன் சார். இன்னைக்குத் திங்கள்.”

“தெரியும் மேடம். போன வாரமே சொன்னீங்களே.”

“அப்ப குடுங்க.”

“நான் எப்படி மேடம் குடுப்பேன்? எங்கிட்ட சாவிதான் இருக்கு. தாளாளர் ஐயா ஒரு வார்த்தை சொல்லணும்.” ஒரு சுளையை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. “நல்லவிதமா கேளுங்க. யாருக்கு அவர் இல்லைன்னு சொல்லியிருக்காரு?”

அந்த ‘நல்லவிதமா’வைக் கேட்டதும் ஹேமாவதிக்குப் பல்லைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு வாரமாக எல்லாரும் அதையே சொன்னார்கள். ஏதோ அவள் இதுவரை தெருவில் நின்று கல்லெறிந்து கேட்டதுபோல.

அரசுக் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு அவள் தேர்வெழுதியிருந்தாள். சரிபார்ப்புக்கு அழைப்பு வந்துவிட்டது. அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், வராதவர்களுக்கு மறுவாய்ப்பு கிடையாது என்று அழைப்பிலேயே தடித்த எழுத்தில் இருந்தது. அடுத்த அறிவிப்பு எந்த வருஷம் வருமோ. போன அறிவிப்பு வந்தபோது அவளுடைய மகள் இன்னும் பேசத் தொடங்கவில்லை. இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

கல்லூரி நசரத்பேட்டையிலிருந்து உள்ளே போகிற சாலையில் இருந்தது. தாளாளர் ஞானசேகரனின் அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்தது. அதே குடும்பம், அதே நிலம். இப்போது பி.காம், பி.சி.ஏ., பி.ஏ. வரலாறு. வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே அசல் சான்றிதழ்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். நியமன உத்தரவில் அப்படி ஒரு வரியும் கிடையாது. ஹேமாவதி சேர்ந்த அன்று ஜானகிராமன் ஒரு ஃபைலைக் கொடுத்து, “இதுல எல்லாத்தையும் வச்சுக் குடுங்க மேடம், பத்திரமா இருக்கும்” என்றார். அவளும் கொடுத்தாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

ஞானசேகரன் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாகப் போயிருக்கும் என்று ஹேமாவதி பலமுறை நினைத்ததுண்டு. அவர் கெட்டவர் இல்லை. அவளுக்குப் பிரசவ வலி கல்லூரியிலேயே கண்டபோது ஆம்புலன்ஸ் வருகிறவரை காத்திருக்காமல் தன் காரிலேயே பூந்தமல்லிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். அவள் கணவன் சிவராமன் ஆவடியிலிருந்து வந்து சேருகிறவரை ஆஸ்பத்திரி வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். குழந்தைக்குப் பெயர் வைக்கிற அன்று வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தார். வாத்தியார்களில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரை எதிர்த்து யாராவது ஏதாவது சொல்ல வாயெடுத்தால், சொல்கிறவருக்கே முதலில் கூச்சமாக இருக்கும்.

அன்று மதியம் மூன்று மணிக்கு அவரைப் பிடித்தாள். மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, புதுக் கட்டடத்துக்கு வந்து இறங்கும் செங்கல்லை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா. கொய்ந்த எப்படி கீது?”

“நல்லா இருக்கா சார். என் சர்டிபிகேட்ஸ் விஷயமா…”

“ஆமா ஆமா, ஜானகிராமன் சொன்னாரு. எங்கியோ கூப்ட்டுக்கீறாங்களாமே. நல்ல விஷயந்தான்.” அவர் முகம் உண்மையாகவே மலர்ந்தது. பிறகு கொஞ்சம் வாடியது. “ஆனா இன்னாம்மா அவசரம்? செமஸ்டர் நடுவுல நீ போயிட்டா அந்தப் புள்ளைங்க இன்னா பண்ணும்?”

“இப்ப வேலைக்குப் போகல சார். காட்டிட்டு வரணும், அவ்வளவுதான். வியாழக்கிழமை.”

“காயிதந்தானேம்மா, எங்க போயிடப் போவுது? ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல ஏரி ஒடைச்சிகினு வந்துச்சே, ஞாபகம் கீதா? ஆபீஸ் உள்ள இடுப்பு மட்டும் தண்ணி. நானே அந்த ஃபைலுங்கள தலைமேல தூக்கினு போயி எங்க ஊட்டு மாடில காய வெச்சேன். உங்க ஊட்ல இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும், சொல்லு.”

ஆவடியில் அவர்கள் குவார்ட்டர்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல நினைத்தாள். ஆனால் “வியாழக்கிழமை சார்” என்றாள் மறுபடி.

“பாத்துக்கலாம்மா. நாளைக்கு நாளான்னைக்கு நல்லவிதமா ஒரு முடிவு பண்ணலாம்.” செங்கல் லாரி பின்னால் வரத் தொடங்கியது. அவர் எழுந்து கையை ஆட்டிக்கொண்டே அதன் பக்கம் போய்விட்டார்.

சாயங்காலம் பருத்திப்பட்டு வழியாகப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வீட்டுக்குள் நுழைந்த கையோடு பையைச் சோபாவில் எறிந்தாள். சிவராமன் டியூட்டி முடிந்து வந்து மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. தென்காசிக்காரன். எதற்கும் பதறாதவன்.

“என்ன, குடுக்கலையா?”

“பாத்துக்கலாமாம். குடுக்க மாட்டேன்னு ஒரு தடவை சொல்லித் தொலைச்சா நான் கோர்ட்டுக்குப் போவேன், போலீஸுக்குப் போவேன். இல்லைன்னும் சொல்ல மாட்டேங்கறாரு. வாய் நெறையச் சிரிக்கிறாரு. வெள்ளத்துல தலையில தூக்கிட்டுப் போனாராம்.”

“சரி, கோபப்படாம நாளைக்கு ஒருக்கா நல்லவிதமா…”

“உங்க சர்டிபிகேட்லாம் எங்க இருக்கு?”

“இங்கதான், ஷெல்ஃப்ல.”

“அதான் உங்களுக்கு நல்லவிதமா பேச வருது.”

மகள் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஹேமாவதி அடுப்படிக்குப் போய் இஞ்சியைத் தேவைக்கு அதிகமாகவே நசுக்கினாள். அவன்மேல் கோபமில்லை. வேறு யார்மேல் என்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. தன்மேல்தான் அதிகமிருக்க வேண்டும். மரத்தடியில் அவர் குழந்தையைப் பற்றிக் கேட்டபோது தன் முகம் தானாகவே ஒரு சிரிப்பைத் தயார் செய்துகொண்டது அவளுக்கு நினைவு வந்தது. சிரிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. முகம் அதுபாட்டுக்குச் சிரித்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வரலாறு மூன்றாம் ஆண்டு வகுப்பு. மூன்றாவது அலகு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து. எட்டு வருஷமாக நடத்துகிற பாடம். குறிப்பேடே தேவையில்லை. கடன் கேட்டுத் தராதவர்களை அரசன் காரணம் சொல்லாமல் சிறையில் போட்டான். ஆயிரத்து அறுநூற்று இருபத்தெட்டில் பாராளுமன்றம் கூடி மனு எழுதியது. ‘உரிமை மனு’ என்று அதற்குப் பெயர் வைத்ததிலேயே ஒரு கருத்து இருந்தது. உன் கருணையைக் கேட்கிறோம் என்று எழுதவில்லை. இது எங்கள் உரிமை என்று எழுதினார்கள். அரசன் சொல்லியனுப்பினான்: என் வாக்கை நம்புங்கள், இனி தவறு நடக்காது, எதற்கு எழுத்து? பிரபுக்களின் சபை ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் சேர்க்கச் சொன்னது. அரசனின் மேலான அதிகாரத்துக்கு இதனால் குறைவில்லை என்று ஒரு வாக்கியம். சாமானியர் சபை முடியாது என்றது. அந்த ஒரு வரியைச் சேர்த்தால் மற்ற வரிகளுக்கெல்லாம் அர்த்தம் போய்விடும்.

“ஏன் மிஸ்?” இரண்டாவது பெஞ்சிலிருந்து ஷோபனா கேட்டாள். சனி ஞாயிறுகளில் பூந்தமல்லியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிற பெண். “ராஜாதான் நல்லபடியா நடந்துக்கறேன்னு சொல்றாரே. நம்புனா இன்னா?”

ஹேமாவதி வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொன்னாள். அந்தக் காலத்து ஆங்கிலேயர் பலர் சுதந்திரத்தை அப்படித்தான் பார்த்தார்கள். எஜமான் அடித்தால்தான் அடிமை என்பதில்லை. அடிக்கலாம், அடிக்காமலும் விடலாம், இரண்டும் அவன் இஷ்டம் என்றால் அவன் ஒரு நாளும் அடிக்காவிட்டாலும் நீ அடிமைதான். நல்ல எஜமானுக்கு வாய்த்த அடிமை. இதை அவள் தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டிருக்கிறாள்.

ஷோபனா சற்று யோசித்தாள். “எங்க கட ஓனரு மாதிரி. ரொம்ப நல்லவரு மிஸ். கேட்டா லீவு குடுத்துடுவாரு. ஆனா கேக்கறதுக்கு முன்னாடி அவரு மூஞ்சியப் பாக்கணும். காலீல வந்தவொடனே எல்லாரும் மொதல்ல அவரு மூஞ்சியத்தான் பாப்போம், இன்னிக்கு எப்படி கீறாருன்னு. பாத்துப் பாத்து இப்ப ஊட்லகூட எங்கப்பா மூஞ்சியப் பாத்துகினே சோறு துன்றேன்.”

வகுப்பு சிரித்தது. ஷோபனாவும் சிரித்தாள். ஹேமாவதி கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ எழுதப்போனவள், எழுதாமல் சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டு நின்றாள். எட்டு வருஷம் இந்தப் பாடத்தை நடத்திவிட்டு, ஒவ்வொரு நாளும் மாலை அந்த மரத்தடியைக் கடக்கும்போது நாற்காலியில் இருக்கிறவரின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவளும் பஸ் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாட்டு வேளையில் ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திவிட்டு அவள் பேசினாள். அந்த பீரோவில் ஃபைல் இருந்தவர்கள் அன்று அவளையும் சேர்த்துப் பதினொரு பேர் அங்கே இருந்தார்கள். தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாகச் சிரித்து அனுப்பிவிடுகிறார், சேர்ந்து எழுதிக் கொடுப்போம் என்றாள். ஆச்சரியமாக எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. கடனுக்குப் பட்டச் சான்றிதழ் கேட்ட வங்கி, வெளிநாட்டு மேற்படிப்பு, கூடுதல் தகுதிக்கான பதிவு. எல்லாக் கதையிலும் கடைசியில் ‘பாத்துக்கலாம்’ வந்தது.

“எங்கள் அசல் சான்றிதழ்கள் எங்களுடையவை. அவற்றை எங்களிடம் திருப்பித் தர வேண்டும். இப்படிக்கு.” ஹேமாவதி எழுதிப் படித்துக் காட்டினாள்.

ஆங்கிலத் துறை ஷர்மிளா டிபன் பாக்ஸை மூடினாள். “என்ன ஹேமா இது, தந்தி மாதிரி இருக்கு. மரியாதைக்குரிய தாளாளர் அவர்களுக்குன்னாவது போடு.”

போட்டாள்.

“‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது’ன்னு ஒரு லைன்” என்றார் கணிதத் துறை கோகுல்நாத். அவர்தான் அங்கே மூத்தவர். “அது ஃபார்மாலிட்டி மேடம். போஸ்ட் ஆபீஸுக்கு எழுதினாக்கூடப் போடறதுதானே.”

போட்டாள். அதன் பிறகு மடை திறந்துவிட்டது. ‘தந்தை போன்ற’ என்று ஒருவர் சேர்க்கச் சொன்னார். ‘இதுநாள்வரை பத்திரமாகக் காத்தமைக்கு நன்றி’ என்று இன்னொருவர். ‘திருப்பித் தர வேண்டும்’ என்பது ‘தந்தருளினால் நன்றியுடையவர்களாக இருப்போம்’ ஆயிற்று. முக்கால் மணி நேரத்தில் அந்த இரண்டு வரிகள் ஒரு பக்கமாக வளர்ந்து, சான்றிதழ் என்ற சொல்லை அதில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடைசியாகக் கோகுல்நாத் சொன்னார்: “முடிவுல ஒண்ணே ஒண்ணு. ‘தங்கள் மேலான முடிவு எதுவாயினும் கட்டுப்படுகிறோம்.’ அவ்வளவுதான். அவர் மனசு குளிர்ந்துடும்.”

ஹேமாவதி பேனாவை மூடினாள். ஒரு கணம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை.

“அந்த வரி வேணாம் சார்.”

“ஒரு வரிதானே மேடம்.”

“அந்த ஒரு வரியைப் போட்டா மனுவே வேணாம் சார். அவர் மனசுல என்ன இருக்கோ அதுக்குக் கட்டுப்பட நாம ஏன் பேப்பர் செலவு பண்ணணும்? இப்பவே கட்டுப்பட்டுத்தானே உக்காந்திருக்கோம்.” குரல் உயர்ந்துவிட்டது. தாழ்த்திக்கொண்டாள். “தந்தை போன்ற, தாழ்மையுடன், எல்லாத்தையும் எடுத்துடறேன். மரியாதைக்குரிய இருக்கட்டும். மத்தபடி நான் மொதல்ல எழுதுனது. இஷ்டம் இருக்கறவங்க கையெழுத்துப் போடுங்க.”

போட்டார்கள். ஷர்மிளா முதலில். கோகுல்நாத் கடைசியில், பெருமூச்சோடு. பதினொரு கையெழுத்தும் விழுந்தபோது ஹேமாவதிக்கு ஒரு நிமிஷம் மூச்சு லேசானது.

முதல்வர் மூலமாக அனுப்புவதுதான் முறை. முதல்வர் பார்த்தசாரதி வேறு ஒரு கல்லூரியில் ஓய்வு பெற்று இங்கே வந்தவர், மெதுவாகப் பேசுகிறவர். மனுவை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நியாயமாத்தான் எழுதியிருக்கீங்க.”

“ஒரு ஃபார்வர்டிங் நோட் போட்டுக் குடுங்க சார். நீங்க சொன்னா அதுக்கு ஒரு எடை இருக்கும். உங்களைத் தாண்டி அவரால ஒண்ணும் பேச முடியாது.”

அவர் சன்னலைப் பார்த்தார். “மேடம், என்னோடதும் அதுக்குள்ளதான் இருக்கு.”

ஹேமாவதிக்கு முதலில் புரியவில்லை. அறுபத்து மூன்று வயது மனிதர். அவருடைய முனைவர் பட்டத்தை எடுத்துப் பூட்டி வைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

“சேரும்போது கேட்டாரு. எல்லாரும் குடுக்கறாங்க, முதல்வரே குடுக்கலைன்னா நல்லா இருக்காதுன்னாரு. நல்லவிதமாத்தான் கேட்டாரு.” மனுவைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். “நேர்லயே குடுத்துடுங்க.”

புதன்கிழமை காலை அவள் பையை வைப்பதற்குள் ஷர்மிளா வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. “ஹேமா, வேலை போயிடும்னு வீட்ல பெரிய ரகளை. அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடேன்.” தன் பெயர்மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். லேசான கோடுதான், பெயரைப் படிக்க முடிந்தது. மற்றவர்கள் அவ்வளவுகூட விட்டுவைக்கவில்லை. கோகுல்நாத் ஒயிட்னர் பாட்டிலோடே வந்தார். கணக்கு வாத்தியாருக்கே உரிய நேர்த்தியோடு தன் கையெழுத்தைச் செவ்வகமாகப் பூசி, ஊதிக் காயவைத்துவிட்டுப் பாட்டிலை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார். மற்றவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். பத்தரை மணிக்குக் காகிதத்தில் ஒன்பது வெள்ளைச் செவ்வகங்களும் ஒரு கோடிட்ட பெயரும் ஹேமாவதியின் கையெழுத்தும் இருந்தன. யார்மேலும் கத்த அவளுக்குத் தெம்பில்லை. கத்தியிருந்தாலும் எல்லாரும் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

அவள் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன்பே தாளாளரிடமிருந்து ஆள் வந்தது. அவர் அறையில் ஊதுவத்தி வாசனை. மனுவை வாங்கிக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் படித்தார். வெள்ளைச் செவ்வகங்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. அவர் முகத்தில் இருந்தது வருத்தம். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

“‘எங்களுடையவை’ன்னு எழுதிக்கீறியேம்மா. அப்ப நான் இன்னா, திருடனா?”

“அப்படி எழுதல சார்.”

“நீ கேட்டா நான் குடுக்கப் போறேன். இதுவரீக்கும் யாருக்கு இல்லன்னு சொன்னேன்? உன்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுனவன்மா நானு. எங்கிட்ட வந்து, சார் எனக்கு வேணும்னு நல்லவிதமா ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?”

“அஞ்சு தடவை சொன்னேன் சார்.”

“அது கெடக்கட்டும். வேலை நெருக்கடி, மறந்துட்டேன். அதுக்குன்னு கடுதாசியா?”

ஹேமாவதி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உட்காரச் சொல்லியிருந்தார், அவள்தான் உட்காரவில்லை. “சார், எனக்குப் பிரசவத்தப்ப நீங்க செஞ்சதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். இது வேற. நீங்க குடுக்க மாட்டீங்கன்னு நான் சொல்லல. நான் படிச்சு வாங்குனதுக்கு நான் உங்களைக் கேக்க வேண்டியிருக்கே, அதைத்தான் சொல்றேன்.”

அவர் அவளையே பார்த்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

“கேட்டா இன்னாம்மா கொறஞ்சி போயிடுது?”

அதற்கு ஒரு பதில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எட்டு வருஷமாக அதைத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்த ஊதுவத்திப் புகையில் அவர் எதிரே நின்று சொல்வதற்கு ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. அவர் பெருமூச்சு விட்டு மணியை அடித்து, எட்டிப் பார்த்த பியூனிடம் சொன்னார்.

“ஜானகிராமன்கிட்ட சொல்லு, ஹேமாவதி டீச்சருது எடுத்துக் குடுக்கச் சொல்லி. போம்மா. போயி நல்லா இரு. எம் மனசுல ஒண்ணும் இல்ல.” மனுவைத் திருப்பிக் கொடுத்தார். “இத்தையும் எடுத்துகினு போ. நான் பாக்கவே இல்லன்னு வெச்சிக்கறேன்.”

“மத்தவங்களோடது சார்?”

“யாரு மத்தவங்க?” என்று அவள் கையிலிருந்த காகிதத்தின் வெள்ளைச் செவ்வகங்களைக் காட்டினார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. “வேணும்னா வந்து கேக்கட்டும்.”

அலுவலகத்தில் ஜானகிராமன் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். “தாளாளர் அவர்களின் அன்பான அனுமதியின் பேரில் பெற்றுக்கொண்டேன்னு எழுதுங்க மேடம். அதான் வழக்கம்.” ஹேமாவதி ‘என் சான்றிதழ்களைப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அவர் அதைப் படித்தார். பிறகு சாவிக்கொத்தை எடுத்து பீரோவைத் திறந்தார்.

முதல்முறையாக அவள் அதன் உள்ளே பார்த்தாள். நான்கு தட்டுகளிலும் ஃபைல்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. முதுகில் பெயர்ச்சீட்டு. கீழ்த்தட்டில் தண்ணீர்க் கறை படிந்த பழைய ஃபைல்கள், எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களுடையவை. கேட்கக் கூச்சப்பட்டோ, கேட்டு அலுத்தோ அப்படியே விட்டுவிட்டுப் போனவர்கள். அவளுடைய ஃபைலை அவர் உருவியபோது பக்கத்திலிருந்த ஒன்றும் சேர்ந்து வந்து கீழே விழுந்து திறந்துகொண்டது. முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் சுசீலா சிரித்துக்கொண்டிருந்தாள்.

வணிகவியல் துறை சுசீலா. ஆசிரியர் அறையில் ஹேமாவதிக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. கொரோனா இரண்டாம் அலையில் பத்தே நாளில் போய்விட்டாள். அம்பத்தூரில் வீடு. ஹேமாவதியால் அப்போது போகக்கூட முடியவில்லை.

“இதை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?”

ஜானகிராமன் குனிந்து காகிதங்களை அடுக்கினார். “அவங்க வீட்டுக்காரர் வந்தாரு மேடம். நிர்மல்னு. ஏதோ கிளெய்முக்கு வேணும்னு. ரெண்டு தடவை வந்தாரு. ஐயா இல்லைன்னு சொல்லி அனுப்புனேன்.” நிமிர்ந்தவர் அவளைப் பார்க்காமல் பீரோவைப் பார்த்துச் சொன்னார். “ரெண்டாவது தடவை ஐயா உள்ளதான் இருந்தாரு. மூட் சரியில்ல, இப்ப போய்க் கேக்க வேணாம்னு நானாத்தான் நெனச்சேன். அப்புறம் அந்த ஆளு வரவே இல்ல.”

மின்விசிறி டக் டக் என்று அடித்துக்கொண்டு சுற்றியது.

“இதை நான் எடுத்துட்டுப் போறேன்” என்றாள் ஹேமாவதி.

“ஐயாவை ஒரு வார்த்தை…”

“சுசீலா வந்து கேப்பாளா சார்?”

அவர் முகம் சுருங்கியது. இருபத்தாறு வருஷமாக அந்தக் குடும்பத்தில் இருக்கிறவர். நெல் மில்லில் கணக்கெழுத வந்து, குடும்பம் கல்லூரி தொடங்கியபோது அவரும் ஏ.ஓ. ஆனார். பதிவேட்டை மெல்ல அவள் பக்கம் திருப்பினார். “எழுதிடுங்க” என்றார். “அவங்க பேருக்கு நேரா. நீங்க எழுதுன மாதிரியே.”

எழுதினாள். அவர் மூக்குக் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்தார். மேசை டிராயரைத் தள்ளி மூடினார். பீரோவைப் பார்த்தார், மூடப்போகிறவர்போல அதன் கதவில் கை வைத்தார், பிறகு கையை எடுத்தார். சாவிக்கொத்து பூட்டிலேயே தொங்கியது.

“கேட் வரைக்கும் போய்ட்டு வரேன்” என்றார், யாரிடமென்றில்லாமல். “அரை மணி நேரமாவது ஆகும்.” செருப்பை மாட்டிக்கொண்டு, கவுன்ட்டரின் குட்டிக் கதவையும் சாத்தாமல், வெயிலில் இறங்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் பாடவேளை முடிந்து மணி அடித்தது. நடைவழி முழுக்க மாணவர்கள் வழிந்து ஓடி, வடிந்தார்கள். மார்போடு இரண்டு ஃபைல்களை அணைத்துக்கொண்டு ஹேமாவதி வாசலுக்கு வந்தபோது, வகுப்பு மாறப் போகிற வழியில் ஷர்மிளா நின்றுவிட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கோகுல்நாத். இன்னும் மூன்று நான்கு பேர். மாடிப்படியின் நடுவில் முதல்வர், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி. எல்லாரும் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார்கள். யாரும் இல்லாத அறை. அகலத் திறந்த பச்சை பீரோக் கதவு. விசிறிக் காற்றில் மேல்தட்டு ஃபைல்களின் பெயர்ச்சீட்டுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து படிந்தன.

ஷர்மிளாவின் உதடு மட்டும் அசைந்தது, பெயர்களைப் படிக்கிறாள்போல. ஹேமாவதி வாசலை விட்டு ஒதுங்கி, சுவரோடு முதுகைச் சாய்த்து, வழி விட்டு நின்றாள்.